உடம்பு சரியில்லை என்று எழுதச் சொன்னார்

அன்பு மகள் ஹம்னாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உன் தங்கை யும்னாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம், லண்டன் குளிரில் நீயும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இந்த நலம் என்ற வார்த்தையைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் மற்றதைப் படி. கேஸைப் பற்றிப் போனில் மூச்சு விடக் கூடாது என்று உன் வக்கீல் சொல்லிவிட்டார் அல்லவா, யும்னாவின் தோழி அங்கே வருகிறாள் என்று தெரிந்ததும் பேனாவை எடுத்தேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பிடோக் வீடு பழகிவிட்டது. தஞ்சோங் பகார் வீட்டை வக்கீல் செலவுக்கு விற்றபோது எனக்காக அழுதாயே, அழுதிருக்க வேண்டாம். அத்தனை மாடி உயரத்தில் மீன் பொரித்தால் வாசம் போக நாள் கணக்காகும், ஜன்னலையும் முழுசாகத் திறக்க முடியாது. இங்கே கீழே இறங்கினால் மார்க்கெட். ஆனால் மீன்காரர் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார், ஆன்ட்டி, நியூஸ்ல வர்ற அந்த பேங்க் லேடி உங்க மகளா லா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு மீனைக் கூடப் போட்டாரா குறைத்துப் போட்டாரா என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. இப்படித்தான் இருக்கிறது என் பிழைப்பு, யார் என் பக்கம் யார் எதிர்ப்பக்கம் என்று முகத்தைப் பார்த்துப் பார்த்தே அலுத்துப் போகிறது. இவ்வளவு பெரிய வேலை, கார், பங்களா மாதிரி வீடு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்க மகளுக்கு ஏன் இந்த வேலை, வேறு ஒரு நாட்டு மந்திரி திருடினால் நமக்கென்ன என்று கேட்கிறார்கள். அந்த நாட்டில் ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்த பணம் மந்திரியின் மச்சான் பேரில் இவள் பேங்குக்கு வந்தது, கண்ணை மூடிக்கொள் என்றார்கள், இவள் மூடவில்லை என்று சொல்வேன். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். நீ புகார் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

பெருநாளைக்கு வழக்கம்போல் பெரிய தேக்சாவில் நெய்ச்சோறு ஆக்கினேன், கறி, தால்ச்சா எல்லாம் எப்போதும்போல். யும்னா, கொஞ்சமா ஆக்குங்க உம்மா என்று சொன்னாள், நான் கேட்கவில்லை. வருஷா வருஷம் வீடு கொள்ளாத கூட்டம் வருமே, இந்த வருஷம் ஆங் மோ கியோ சொந்தக்காரர்களிடமிருந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று மெசேஜ் வந்தது, மற்றவர்கள் அதுகூட அனுப்பவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு உன் யூசுப் மாமா மட்டும் தேக்காவில் இருக்கும் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். என் கூடப்பிறந்த காக்கா ஒருவராவது வந்தாரே என்று மனசு குளிர்ந்து இலை நிறைய வைத்தேன், நன்றாகச் சாப்பிட்டார். பிறகு யும்னாவைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். அவர் மகன் உமைர் வேலை பார்க்கும் கம்பெனி முதலாளி அந்த மந்திரிக்கு வேண்டியவராம். உன் மச்சி ஹம்னா சாட்சி சொல்லாம இருந்தா உன் வேலை இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். உமைரின் பெண்டாட்டிக்கு இது நிறைமாதம். காக்கா கண் கலங்கிவிட்டார். பதுரு, உனக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு லெட்டர் போடு, உம்மான்னா அவ ஓடி வந்துருவா, கோர்ட் தேதி தாண்டிரட்டும், அப்புறம் எல்லாம் தன்னால ஆறிடும் லா என்றார். உன் வாப்பா மவுத்தான பிறகு நம் மூன்று பேரையும் தாங்கியவர், உன்னைக் கையைப் பிடித்து ஸ்கூலில் சேர்த்தவர், அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதுறேன் காக்கா என்றேன். மிச்சச் சோற்றைக் கடைப் பையன்களுக்குக் கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்.

சொன்னபடி எழுதிவிட்டேன். இப்போது அந்த நலத்துக்கு வருகிறேன். ஹம்னா, எனக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை. மார்க்கெட்டிலிருந்து வரும் வழியில் மூச்சு முட்டி நம் பிளாக்கின் கீழ்த்தளத்து வாய்டெக்கில் உட்கார்ந்துவிட்டேன், ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நெஞ்சில் வால்வு பழுது, ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றார்கள். உன் கோர்ட் தேதிக்கு முந்திய வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். யும்னாவுக்கு மட்டும்தான் தெரியும், உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், அவளைத் திட்டாதே. காக்கா பொய் சொல்லச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது என் மாத்திரைப் பை மேசை மேலேயே இருந்தது, அவர் கண்ணில் படவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எழுதினால் அது பொய்யும் இல்லை, காக்காவின் குடும்பமும் தப்பும், நீயும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். அந்த ஆசை எனக்கு வரவில்லை என்று சொன்னால் அதுதான் பொய்.

ஆனால் நாளைக்கு மாமாவே உனக்குப் போன் போட்டு உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், அதனால் என் வாயால் முதலில் கேட்டுக்கொள். இத்தனை பேர் உன் வாயை மூடப் பார்க்கிறார்கள், என் நெஞ்சு வலியும் அவர்கள் பக்கம் போய்ச் சேர வேண்டாம். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே, களைப்புதான். நீ பாதியில் எழுந்து வந்தால் போன வீடு போனதுதான், வராத சொந்தம் வராததுதான், அந்த மந்திரி மட்டும் நிம்மதியாகத் தூங்குவான், அது எனக்குப் பொறுக்காது. உமைருக்கு வேலை போனால் அவனும் நம் பிள்ளைதான், அவனையும் பெண்டாட்டியையும் பிள்ளையையும் இந்த வீட்டிலேயே கூட்டி வைத்துக்கொள்வேன், காக்காவிடம் நானே போய்ச் சொல்கிறேன், அவர் கோபித்தால் கோபிக்கட்டும். ஒவ்வொரு கடிதத்திலும் எப்போது வருவாய் எப்போது வருவாய் என்று உன்னை அரிப்பேன், இந்தத் தடவை சொல்கிறேன், வராதே. ஆபரேஷன் அன்றைக்கு யும்னா மெசேஜ் போடுவாள். அது எந்த மாதிரி மெசேஜாக இருந்தாலும் சாட்சி சொல்லி முடித்த பிறகு பிளைட் ஏறு. நம்மில் மய்யித்தை அடக்காமல் யாருக்காகவும் நாள் கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள், எப்படி ஓடி வந்தாலும் உனக்கு என் முகம் கிடைக்காது, ஆகையால் அவசரப்பட வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை.

காலுறை இரண்டு போட்டுக்கொள், பசியோடு கோர்ட்டுக்குப் போகாதே. எல்லாம் முடிந்ததும் முதல் போனை மாமாவுக்குப் போடு, அவர் எடுக்காவிட்டால் மறுபடியும் போடு, எனக்கு அப்புறம் போட்டால் போதும். அல்லாஹ் உன் நாவுக்குப் பலம் கொடுக்கட்டும், உன்னைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து, உன்னை வராதே என்று எழுதும்
உம்மா பதுருன்னிசா