ஒன்பது பேர், 1,134 இறாத்தல்

மே 27, 2025, செவ்வாய்

காலை ஏழரைக்கே அண்ணையின் அழைப்பு. கணேஸ்வரன் அண்ணைக்கு எழுபத்தெட்டு வயது. இன்னும் யாருக்காவது கட்டளை போடாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. ஓய்வுபெற்ற எஞ்சினியர், விம்பிள்டன் பெரிய மனிதர், பழைய மாணவர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். ‘நிரந்தர’ என்பது அவரே சேர்த்துக்கொண்டது.

“மலர், உன்ர பழைய லைப்ரரியில ஓகஸ்ட்டில யுத்தம் முடிஞ்ச எண்பதாம் ஆண்டுக் கண்காட்சி வைக்கினம். அப்பாவின்ர படம் குடுக்கிறன் எண்டன். அத்தாட்சி கேக்கினம். நீ சும்மாதானே இருக்கிறாய், கியூவில இருக்கிற ஆவணக் காப்பகத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு வா.”

சும்மாதான் இருக்கிறேன். முப்பத்தொரு வருடம் லூயிஷாமில் அந்த நூலகத்தில் நின்றதும் சும்மாதான்.

அப்பா வைத்தியநாதன் போர்க்காலத்தில் இந்தியாவில், பீகார்த் தளமொன்றில், பிரிட்டிஷ் விமானப் படையின் கிளைடர் பிரிவில் வேலைக்கு இருந்தார். இதுவரை உண்மை. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். இன்னொரு விமானம் அதைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போய் நடுவானில் விட்டுவிடும். பிறகு கடவுள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை அப்பா ஓட்டினார் என்பது அண்ணையின் கண்டுபிடிப்பு. முதலில் ‘பறந்தவர்’ என்றார், பிறகு ‘துணை விமானி’ என்றார், சங்கத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விருந்தில் விமானியாகவே ஆக்கிவிட்டார். அப்பாவுக்குப் பதவி உயர்வெல்லாம் செத்த பிறகுதான். அவருடைய இடது கால் நொண்டியதுகூட பர்மாவில் பட்ட குண்டாகிவிட்டது.

அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. “நானும் ஒருக்காப் பறந்தனான்.” மேலே கேட்டால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

அசல் படம் என்னிடம் இருக்கிறது. கிளைடருக்கு முன்னால் ஒன்பது பேர். பின்பக்கத்தில் அப்பாவின் எழுத்து: ‘12.11.44. இன்று பறந்தோம்.’ அண்ணையின் வரவேற்பறையில் தொங்குவது பெருப்பித்த பிரதி. மற்ற எட்டுப் பேரையும் ஸ்ரூடியோக்காரனிடம் சொல்லி வெட்டிவிட்டார். பக்கத்து ஆளின் கை மட்டும் அப்பாவின் தோளில் மிச்சம். யாருடைய கை என்று வீட்டுக்கு வந்த ஒருவரும் கேட்டதில்லை.

யூன் 5, வியாழன்

கியூ. பேனைக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும். பிரிவின் நாளாந்தப் பதிவேடு, தடித்த புத்தகம். 12 நவம்பர் 1944. தமிழில் எழுதி வைக்கிறேன்:

‘பயிற்சிப் பறப்பு. மணல் மூட்டைகள் மழையில் நனைந்து நிறை மாறியதால், பதிலாக உள்ளூர் வேலையாட்கள் ஒன்பது பேர் ஏற்றப்பட்டனர். மொத்தம் 1,134 இறாத்தல். இழுவைக் கயிறு அறுந்தது. நெல்வயலில் இறக்கம். விமானியின் மணிக்கட்டில் சுளுக்கு. தேர்மோஸ் போத்தல் ஒன்று உடைந்தது. சுமைக்குச் சேதமில்லை.’

அவ்வளவுதான். விமானியின் பெயர் இருக்கிறது. ஒன்பது பேரின் பெயர் இல்லை.

அப்பா விமானி இல்லை. பயணிகூட இல்லை. மணல் நனைந்ததால் ஏறியவர்.

தேர்மோஸ் போத்தலை எழுதியிருக்கிறாங்கள். போத்தலை! சுமைக்குச் சேதமில்லையாம் — அப்ப அந்தக் கால்? நாற்பத்தைஞ்சு வருசம் படியேற ஏலாமல் கைப்பிடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட மனுசன், அது சேதமில்லையோ?

வீட்டுக்கு வந்து ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு 126 இறாத்தல், ஐம்பத்தேழு கிலோ. அப்பா அவ்வளவு இருந்திருக்க மாட்டார். படத்தில் ஆளைவிடச் சட்டைதான் அதிகம்.

யூன் 6

அண்ணை மூன்று முறை அழைத்தார். எடுக்கவில்லை. சந்தைக்குப் போய்ப் பூசணிக்காய் வாங்கினேன்.

யூன் 8, ஞாயிறு

விம்பிள்டனுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மணல் மூட்டை, மழை, ஒன்பது பேர் எல்லாம். கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை. அண்ணைக்கு இரங்கியா? இல்லை. அப்பாவின் காலை அவர் இன்னொரு மேடைக்குக் கொண்டுபோய்விடுவார் என்ற பயம். அந்தக் கால் என்னிடமே இருக்கட்டும்.

“அப்பாவை மூட்டை எண்டு எழுதப்போறியோ?”

“நான் எழுதேல்லை, அண்ணை. அவங்கள் எழுதினது.”

“ஆருக்குத் தெரியப்போகுது? பைலட் எண்டே போடு.”

“எனக்குத் தெரியுமே.”

“நீ ஆர்?”

அறுபத்தொன்பது வயதில் இந்தக் கேள்வி. நான் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய விழாக்களில் மண்டபம் நிரம்பாவிட்டால் மத்தியானம் அழைப்பு வரும்: “மலர், வெளிக்கிட்டு வா, முன்வரிசையில இரு.” மணல் நனைந்த நாட்களில் மட்டும் என் நினைவு வரும். நானும் நாற்பது வருடமாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேத்தண்ணி குடிக்காமல் வந்துவிட்டேன்.

யூன் 19, வியாழன்

கண்காட்சிக்குப் பொறுப்பு தனுஷியா. இங்கே பிறந்த பிள்ளை, இருபத்தாறு வயது. படத்தையும் என் குறிப்பையும் இரண்டு முறை பார்த்தாள். பிறகு, “அன்ரி, பைலட் ஸ்டோரி எல்லாரிட்டயும் இருக்கு. இது ஒருத்தரிட்டயும் இல்ல” என்றாள்.

ஒன்பது பேரும் நிற்கும் முழுப் படத்தையும் மாட்டப்போகிறாள். கீழே அப்பாவின் பெயர், பிறகு எட்டு வெற்றுக் கோடுகள், நூலில் கட்டிய ஒரு பென்சில். யாராவது தங்கள் ஆளை அடையாளம் கண்டால் எழுதலாம். பதிவேட்டின் கடைசி வரியை மட்டும் போட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

அண்ணை செய்தி அனுப்பினார், தான் வரமாட்டாராம். நிம்மதியாக இருந்தது. ஐந்து நிமிடம்தான், பிறகு இல்லை.

ஓகஸ்ட் 15, வெள்ளி

வந்தார். கண்காட்சித் திறப்புக்குக் கழுத்துப்பட்டி, சப்பாத்து மினுக்கு, பின்னால் சங்கத்து ஆட்கள் முப்பது பேர். யாரும் கூப்பிடாமலே ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“எஞ்சின் இல்லாத ஒரு விமானத்தை, தன்ர உடம்பின்ர நிறையால மட்டுமே வானத்தில நேராய் வைச்சிருந்த முதல் யாழ்ப்பாணத் தமிழன் — எங்கட அப்பா!”

கைதட்டல். பின்வரிசையில் ஒருவர் விசில்கூட அடித்தார். பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல்.

போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் கேட்காத மன்னிப்பை எனக்குக் கொடுத்துவிட்டாராம்.

ஓகஸ்ட் 23, சனி

எட்டுக் கோடுகளிலும் பதினான்கு பெயர்கள். ஓரங்களிலும் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். இடமிருந்து மூன்றாவது ஆளுக்கு மூன்று குடும்பம். அப்பாவின் தோளில் கைபோட்டபடி தலைப்பாகையோடு நிற்கிறவரை யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை ஆள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னொருவர் தன் மாமனாரின் பெயரோடு பிறந்த ஆண்டையும் பெருமையாகப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் மாமனார் ஆறு வயதில் போருக்குப் போயிருக்கிறார்.

இத்தனை பேரோடு அந்தக் கிளைடர் ஓடுபாதையை விட்டு எழும்பியிருக்காது.

அந்த எட்டுப் பேரும் தளத்துக்கு அக்கம்பக்கத்துப் பீகார் ஆட்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் லூயிஷாமுக்கு வந்து இந்தப் பென்சிலை எடுக்கப்போவதில்லை. எடுக்கிறவர்கள் நாங்கள்தான்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணை தொலைபேசியில் கொதிக்கிறார்.

“கண்டது கழியது எல்லாம் ஏறியிருக்கு! அந்தக் கிறிஸ்துராஜாவின்ர தகப்பன் ஊரை விட்டு வெளிக்கிட்டதே இல்லை! ஒருத்தரிட்டயாவது அத்தாட்சி இருக்கோ?”

சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் அத்தாட்சி இல்லாமல் அப்பாவை ஓட்டியவர்!

“என்ன இளிப்பு? கியூவில பேர் இருக்கும். நீ வடிவாப் பாத்திருக்க மாட்டாய். வாற கிழமை நானே வாறன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. வந்தால் கடைசி வரியையும் வாசிப்பார். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொன்னால் அவர் எப்போது கேட்டார்?

செப்டெம்பர் 4, வியாழன்

மூன்று பேனை கொண்டுவந்திருந்தார். மூன்றையும் லொக்கரில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். வாசலிலேயே முகம் கறுத்துவிட்டது.

பதிவேடு வந்தது. பக்கத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, உதடு அசைய வாசித்தார். பெயர்கள் இல்லை. மறுபக்கம் திருப்பினார். அங்கேயும் இல்லை. திரும்பி வந்து முதலிலிருந்து வாசித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார்.

“சேதமில்லையோ?” என்றார், யாரிடமோ கேட்பது போல.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

“அப்பா நொண்டினவரெல்லே, மலர்.”

அதைச் சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முப்பத்தொரு வருடம் புத்தகத்தில் கோடு போட்டவர்களைத் திட்டியவள் நான். கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

காப்பகத்து ஊழியர் ஓடி வந்தார். பென்சில் முனை தாளில் படவில்லை. “சேர், ஆவணத்தில் எழுதக்கூடாது” என்றார் அந்த மனிதர், மரியாதையாகத்தான். அண்ணை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மேடைக் குரல் இல்லை. ஆங்கிலத்தில், மெதுவாக, “அந்தச் சுமை என்னுடைய அப்பா” என்றார்.

அந்த மனிதர் குனிந்து அந்த வரியை வாசித்தார். பிறகு பென்சிலைக் கேட்டார். அண்ணை கொடுத்துவிட்டார்.

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. விம்பிள்டனுக்கு ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாற வேண்டும். அங்கே கதவு திறந்து மூடியது. அவர் இறங்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

என் வீட்டுக்கு அவர் வந்து ஆறு வருடம். சோறும் பூசணிக்காய்க் கறியும் இருந்தது. சாப்பிட முன்னர் அசல் படத்தைக் கேட்டார். எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளில் விரலை வைத்தார்.

“இது ஆரின்ர கை?”

“தலைப்பாகைக்காரர்.”

“பேர்?”

“தெரியாது, அண்ணை.”

படத்தைத் தண்ணீர் படாத பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்றார்.