பச்சை மையில் நீ கேட்ட கேள்வி

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். இது என் தோழிக்கு எழுதுவது. அவள் இறந்து நான்கு மாதமாகிறது.

உன் பச்சைப் பேனா என் பழைய கட்டுரை நோட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இன்று நோட்டைத் திறந்ததும் மடியில் விழுந்தது. மூடியில் உன் பல் தடம்.

ஐம்பது நோட்டையும் திருத்த டீச்சருக்கு நேரம் கிடையாது. அதனால் பக்கத்தில் இருப்பவள் முதலில் பச்சை மையில் திருத்த வேண்டும், பிறகுதான் டீச்சரின் சிவப்பு. மற்றவர்கள் கொம்பும் புள்ளியும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நீ வரி வரியாக வாசித்தாய். 'எங்கள் ஊர்' கட்டுரையில் நம் கொட்டாரத்தை விட்டுவிட்டு, கைடில் இருந்த காவிரிக்கரை ஊரை அப்படியே எழுதியிருந்தேன். ஓரத்தில் நீ எழுதியது இன்னும் இருக்கிறது: "ஏட்டி, காவிரி எப்போ கொட்டாரத்துக்கு வந்துது? நீ பாத்தியா?"

வகுப்பில் பாதிப் பேரின் ஊரில் அன்று காவிரிதான் ஓடியது. எனக்குக் கோபம். "மார்க்கு போடுறது டீச்சரா, நீயா?" என்றேன்.

"மார்க்க அவங்க போடட்டும். பாக்காதத எழுதுனா நான் வட்டம் போடுவேன்."

போன வருடம் சாலைப் பாதுகாப்புக் கட்டுரையில், விபத்துகளுக்கு மக்களின் கவனக்குறைவே காரணம் என்று எழுதினேன். அதற்கும் வட்டம். அதே கேள்வி.

இப்போது பார்த்துவிட்டேன்.

காலை எட்டரை மணி. வயல் திருப்பத்தில் நீ சைக்கிளை ஓரமாக நிறுத்தி, இடக்காலை ஊன்றி, பின்னால் சைக்கிள் மிதித்து வந்த எனக்காக நின்றாய். "சவுட்டி வாட்டி, பெல் அடிச்சிரும்" என்று கத்தினாய். பள்ளி நேரத்தில் ஓடக் கூடாத டிப்பர் லாரி, அந்தத் திருப்பத்தில் பஸ்ஸை முந்தி, நீ நின்ற ஓரத்தில் ஏறியது. நீ ஓர் அடிகூட நகரவில்லை. நீ குறுக்கே பாய்ந்தாய் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.

இந்த வாரம் அதே சாலைப் பாதுகாப்புத் தலைப்பு மறுபடி வந்தது. கண்டதை எழுதினேன். டீச்சர் அந்தப் பத்தி முழுவதையும் சிவப்பில் அடித்தார். "இது கட்டுரையா, போலீசுக்குக் குடுக்க மனுவா? எடுத்துட்டு வேற எழுதிட்டு வா." அப்பாவையும் அழைத்துச் சொல்லிவிட்டார்.

அப்பா அடிக்கவில்லை. சாப்பிடும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மக்களே, அத எழுதாண்டாம். நானும் அந்த டிப்பர் முதலாளிக்க வண்டியத்தான் ஓட்டுகேன். தெரிஞ்சா சாவிய வாங்கிருவாரு."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்கும் பயம். சரி என்று தலையாட்டினேன். புதிதாக எழுதுகிறேன் என்று சொல்லித்தான் இவ்வளவு நேரம் விளக்கைப் போட்டிருக்கிறேன்.

எழுதியது அதே பத்தி. லாரி வந்த நேரம், நீ நின்ற இடம், உன் இடக்கால், எல்லாம் இருக்கிறது. எழுத்து கோணலாகிவிட்டது, அதற்கு வேண்டுமானால் மார்க்கு குறைக்கட்டும். உன் பெயருக்குப் பக்கத்தில் கவனக்குறைவு என்ற சொல்லை என் கையால் எழுத மாட்டேன்.

நீ திருத்த வேண்டிய ஓரம் காலியாக இருந்தது. உன் பேனாவில் இன்னும் மை இருக்கிறது. அங்கே பச்சையில் நானே எழுதினேன்: பாத்தேன்ட்டி.

கதவைத் தட்டும் சத்தம். அப்பாதான். நோட்டு பைக்குள் போய்விட்டது. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், நான் பார்த்ததைத்தான் எழுதினேன் என்று—