சம்பந்தி கயாவில் விட்டுவந்த பலாப்பழம்

பிளாக் 18, நெய்வேலி
20.6.1982

அன்பு மகன் இளம்பரிதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அது எந்தச் சாமி புண்ணியமும் இல்லை, உன் அம்மா வைக்கும் மிளகு ரசத்தின் புண்ணியம். நீயும் சந்திரகலாவும் பேரனும் சுகம் என்று உன் மாமனார் வாயால் தெரிந்துகொண்டேன்.

ஆமாம், போன ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் பண்ருட்டிக்குப் போயிருந்தோம். பலாப்பழம் அறுக்கிறோம், கட்டாயம் வரவேண்டும் என்று உன் மாமனார் ராஜாங்கம் ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். பழம் தேன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லோருக்கும் எடுத்து வைத்த மனிதர் தான் மட்டும் ஒரு சுளை தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்குக் கையைக் கூப்பிக்கொண்டு, "மாப்ள என்னைக் கயாவுக்குக் கூட்டிக்கினு போனாருங்க சம்பந்தி, அங்க போனா புடிச்ச பழம் ஒண்ண வுட்டுட்டு வரணும், நான் பலாவ வுட்டுட்டேன்" என்கிறார். பண்ருட்டியில் பிறந்தவர் பலாவை விட்டாராம். மார்ச் மாதம் மாமா பேரனைப் பார்க்க தன்பாத் வந்து போனார் என்று எழுதினாயே தவிர, கயா என்று ஓர் எழுத்து எழுதினாயா? அந்த ஆத்திரத்தில் அவர் பங்கையும் சேர்த்துப் பதினாறு சுளை தின்றேன். மறுநாள் முதல் ஷிப்டுக்குப் போக முடியவில்லை, வயிறு பட்ட பாட்டை அம்மாவிடம் கேள்.

அதோடு விட்டாரா, கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோவையும் காட்டினார். புத்தகயா கோயில் வாசலில் எடுத்தது. ஒரே கோயிலில் ஜப்பான்காரரும் பர்மாக்காரரும் புத்தர் என்று விழுகிறார்களாம், நம் ஆட்கள் பெருமாள் அவதாரம் என்று விழுகிறார்களாம், உள்ளேயே ஒரு லிங்கம் வேறு இருக்கிறதாம், பக்கத்தில் பள்ளிவாசலாம், யாரும் யாரையும் வெளியே போ என்று சொல்வதில்லையாம். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் கோபுரத்தைப் பார்க்கவில்லை, உன் கையைத்தான் பார்த்தேன். அவருடைய செருப்பு இரண்டும் உன் கையில் இருந்தன. உங்களுக்குப் பொறாமை என்று அம்மா பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டாள். ஆமாம், பொறாமைதான், மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. உன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு மைன்ஸ் காட்டினவன் நான், செருப்பு தூக்கிய மரியாதை அவருக்கு.

அப்பாதான் கோயில் பக்கமே வரமாட்டாரே என்று நினைத்திருப்பாய். உன் கல்யாணத்துக்கு ஐயர் கூடாது என்று அடம்பிடித்தவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சின்ன வயதில் உனக்குப் புத்தர் கதை சொன்னது யார், உன் மாமனாரா? அரண்மனையை விட்டு வந்த அந்த மனிதர் உட்கார்ந்த மரத்தடியைப் பார்க்க எனக்கு ஆசை இருக்காதா? வருவேனோ மாட்டேனோ, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காததுதான் எனக்கு வலிக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. இங்கே மாதிரி அங்கே திறந்தவெளிச் சுரங்கம் இல்லை, பூமிக்குள் இறங்கும்போது ஹெல்மெட் வாரை இறுக்கிப் போட்டுக்கொள். பேரனை வெயிலில் தலையில் துணி கட்டாமல் வெளியே தூக்கிப் போகவேண்டாம் என்று சந்திரகலாவிடம் அம்மா சொல்லச் சொன்னாள். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. வருகிற மார்ச்சில் எனக்கு ரிடையர்மென்ட், அதற்குள் எடுக்காவிட்டால் கம்பெனி தரும் எல்.டி.சி. பயணச் சலுகை வீணாகிவிடும். கயாவுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டு எழுது. வரமாட்டேன் என்றுதான் நான் பதில் போடுவேன், என் குணம் உனக்குத் தெரியும். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதே, இன்னொரு கடிதம் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
இசக்கிமுத்து