தேய்த்த பிஸ்டன்

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை.

திருப்பரங்குன்றம் பட்டறையில் நாம் இருவரும் மூன்று வருஷம் பாடுபட்டு உருவாக்கிய மொபெட் எஞ்சினின் டிராயிங்கைத் திருடி, உன் பெயரில் கம்பெனிக்காரனிடம் கொடுத்துவிட்டாய். இப்போது "நாந்தேன் செஞ்சேன்" என்று உசிலம்பட்டிச் சந்தையில் ஓட்டிக் காட்டப் போகிறாயாமே.

அந்த டிராயிங்படி செய்த பிஸ்டன் நம் ஊர் வெயிலில் உப்பி, சிலிண்டருக்குள் இறுகி, சக்கரத்தையே நிறுத்திவிடும். நான் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத்தான் ஓடவைத்தேன். அதைத் தாளில் எழுதவில்லை. நீ கேட்டதுமில்லை.

நீ குப்புற விழுந்து பல் உடைவதைப் பார்க்கச் சந்தைக்கு வருவதாகத்தான் இருந்தேன். நேற்று என் தங்கச்சி வந்தாள்.

"அவுக என்னையும் பின்னாடி உக்கார வச்சு ஓட்டப் போறாகளாம்ண்ணே" என்று சிரித்தாள்.

தேய்த்த பிஸ்டனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதைப் போட்டு ஓட்டு, திருட்டுப்பயலே.

இப்படிக்கு,
அவளுக்கு அண்ணன். உனக்கு யாருமில்லை.