ரங்கா கொண்டுபோன மாமியார்

ஜோகுபாளையம், பெங்களூர்
20-10-1997

அன்பு மகள் மகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், என் முழங்கால் பாதி நலம், மனசை மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்தால் தூங்குகிறாயா என்று எழுது. உன் கூட வேலை செய்யும் மௌரீன் லீவில் வந்தபோது பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தாள், தங்கமான பெண். அம்மாவுக்குப் புடவை, எனக்கு டார்ச் லைட், ரங்கா சித்தப்பாவுக்கு நீலச் சட்டைத்துணி. அந்தத் துணியைப் பார்த்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். உனக்கு விஷயம் தெரியாது, நாங்களும் எழுதவில்லை.

நம் ஷெட்டு மாமியாரை நீ மறந்திருக்க மாட்டாய். சிவாஜிநகர் குஜிரிச் சந்தையில் பழைய லாரிச் சேஸிஸ் துண்டு பொறுக்கிவந்து, நானே ஓட்டை போட்டு, நடுவில் பெரிய போல்ட் வைத்துச் செய்த புல்லர். லாரியில் துருவேறி ஒட்டிக்கொண்ட எதையும் பிடித்து இழுத்துக் கழற்றிவிடும். எப்பேர்ப்பட்ட ஒட்டுதலையும் பிரிப்பதால், என்னிடம் தொழில் பழக வந்து தம்பியாகவே ஆகிப்போன ரங்காதான் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தான். உன் பாட்டி காதில் விழாமல் இத்தனை வருஷம் ஓட்டினோம். நான் படித்த படிப்புக்கு அது ஒன்றுதான் என் டிகிரி சர்டிபிகேட். ஆடி மாசம் ஒருநாள் ரங்கா வந்து, அண்ணா, யஷ்வந்த்பூர்ல ஒரு வேலை, மாமியாரக் குடுங்க, சாயந்தரம் கொண்டாந்துடறேன் என்றான். நானே ஒரு பக்கம் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, நானே கயிறு கட்டி, பார்த்துப் போடா என்று வேறு சொன்னேன். திருடனுக்குக் கயிறு கட்டிக் கொடுத்த மேஸ்திரி இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன். அதற்குப் பிறகு அவனும் வரவில்லை, அதுவும் வரவில்லை. ஜுரமாக இருக்கும் என்று நினைத்து அம்மாவை ரசம் வைக்கச் சொல்லி, தூக்கில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வீட்டில் பூட்டு. ரசத்தை வழியில் நானே குடித்தேன்.

ஆயுத பூஜை அன்று தெரிந்த ஷெட்டுகளுக்குக் கொடுக்கப் பொரி எடுத்துக்கொண்டு டின் ஃபேக்டரிப் பக்கம் போனால், ரோட்டோரம் புது ஷெட், புது போர்டு, வாசலில் உடைத்த பூசணிக்காய். உள்ளே ரங்கா. சாமி படத்துக்கு முன்னால் நம் மாமியார், மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வருஷா வருஷம் அந்தக் குங்குமத்தை நான்தான் வைப்பேன், தெரியுமில்லையா. அங்கே யாரோ ஒரு ஓனர், சூப்பரா இருக்கே, எங்க வாங்கின என்று கேட்க, நான் சொந்தமா செஞ்சது சார் என்கிறான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் பொரிப் பையோடு நிற்கிறேன். தனியாக ஷெட் போடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூசணிக்காயை நானே வாங்கிக்கொண்டு போயிருப்பேன் மகா. பையைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை லாரி ஓனர் அர்ஜுனன் ஓடிவந்தார். மேஸ்திரி, கோலார் தக்காளி லோடு, பெல்காம் போவணும், ஆயில் சீல் பூடுச்சு, ரங்கா ஷெட்ல நிக்குது, உங்கள விட்டா ஆவாதுன்னு அவரே சொல்றாரு என்றார். போகாதீங்க, சூடு சொரணை இருக்கா உங்களுக்கு என்று அம்மா கத்தினாள். இல்லை போலிருக்கிறது, போனேன். தக்காளி என்ன பாவம் செய்தது. அங்கே பார்த்தால், பின் ஆக்சிலுக்குள் போகும் தண்டின் முனையில் மாட்டியிருக்கும் இரும்பு ஃபிளாஞ்ச் அசையவில்லை. அதைக் கழற்றினால்தான் சீல் மாற்றலாம். ரங்கா மாமியாரை மாட்டி, நீளப் பைப் போட்டு முறுக்கியதில் நடு போல்ட்டின் மரை மொத்தமும் போயிருந்தது. அவளைப் போட்டால் அவசரப்படக் கூடாது, கொஞ்சம் இறுக்கி, ஃபிளாஞ்சை நெருப்பில் சூடாக்கி, பக்கவாட்டில் சுத்தியால் தட்டிவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும். ரங்காவுக்கு எல்லாம் தெரியும், பொறுமை தவிர.

போல்ட்டை எடுத்துவிட்டு, மாமியாரின் இரும்புப் பலகையையே நீள போல்ட்டுகளால் ஃபிளாஞ்சோடு கட்டி, இடையில் பாட்டில் ஜாக்கைப் படுக்க வைத்தேன். ஜாக்கை ஒருவன் பிடிக்க வேண்டும், நான் பம்ப் அடிக்க வேண்டும். நான் தப்பாக அடித்து ஜாக் நழுவினால் பிடித்தவனுக்கு விரல் இருக்காது. யார் பிடிப்பது என்று நான் கேட்பதற்குள் ரங்கா லாரிக்கு அடியில் படுத்து, இரண்டு கையையும் வைத்துவிட்டான். அடிங்கண்ணா என்றான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அங்கேதான் மகா எனக்குத் தாங்கவில்லை. என்னை ஏமாற்றினவன், நான் அவனை ஒன்றும் செய்துவிட மாட்டேன் என்று அவ்வளவு நிச்சயமாக இருக்கிறான். அந்த நிச்சயத்தில்தான் மாமியாரையும் கொண்டுபோயிருக்கிறான். நான் பார்த்துப் பார்த்துத்தான் அடித்தேன். டங்கென்று ஃபிளாஞ்ச் விட்டது. பழக்க தோஷம், மாமியார் கெளம்பிட்டா என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்திவிட்டோம். அவன் அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தான். மகா எப்படிக்கீறா என்றான். கீறா என்றேன். மாமியாரை எடுத்துட்டுப் போங்க என்று அவன் சொல்லவில்லை, கொடு என்று எனக்கும் வாய் வரவில்லை.

இனிமேல் கடிதத்தில் ரங்கா சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று எழுதாதே. அம்மா சத்தமாகப் படிக்கும்போது அந்த வரி வந்ததும் நிறுத்திவிடுகிறாள். நீயும் அங்கே யாராவது நாளைக்குத் தருகிறேன் என்று எதையாவது கேட்டால் கொடு, அப்பன் ரத்தம், கொடுக்காமல் இருக்க மாட்டாய், ஆனால் கயிறு கட்டிக் கொடுக்காதே. தீபாவளிக்கு உன் பேருக்கு விளக்கு ஏற்றுகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள், நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இரு.

நீலத்துணியை எனக்குத் தைக்கச் சொல்கிறாள் அம்மா. டெய்லரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அளவு கேட்டதும் வாய் தவறி ரங்காவின் அளவைச் சொல்லிவிட்டேன். சட்டை தயாராகிவிட்டதாம், இன்னும் போய் வாங்கவில்லை.

இப்படிக்கு
மாமியாரைப் பறிகொடுத்த உன் அப்பா
முனிராஜ்