சிப்பைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறது, பிலோ

என் அன்பு பிலோ,

நீ கண்மூடிய பிறகு இது இரண்டாவது மழைக்காலம். உன் நாற்காலி காலியாகவே இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஹாசன் ஊர்க்காரர் ஒருவர் அதில் உட்கார்ந்திருக்கிறார், நல்ல மனுஷர். ஆனால் இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக. போன மாதம் ஆபீசில் உன் பெயர் அடிபட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வைக்கிற மானிட்டருக்கு நாம் எழுதிய இயங்குதளம் ஞாபகம் இருக்கா? 'கணக்கைச் சட்டென்று போடுகிற வேகக் கட்டளைகள் உன்னிடம் உண்டா?' என்று ஒவ்வொரு கணக்குக்கு முன்னாலும் அது சிப்பைக் கேட்கும். அதனால் இதயத்துடிப்புக் கோடு திரையில் திக்கித் திக்கி ஓடும். "நம்மகிட்ட இருக்கறதே ஒரு சிப். தெரிஞ்ச பதிலை எதுக்குக்கா திரும்பத் திரும்பக் கேட்கணும்?" என்று நீ அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டாய். நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றிக் கம்பைல் பண்ணும்போதே 'உண்டு' என்று முடிவு செய்து வைத்தாய். கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. டீம் முழுக்கப் பார்த்துச் சரி என்றோம்.

இந்த வருஷம் கம்பெனி விலை குறைந்த சிப்புக்கு மாறியது. அதில் அந்த வேகக் கட்டளைகள் கிடையாது. நம் டீமிடம் யாரும் சொல்லவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் புது மானிட்டர்களைப் போட்டதும், தன்னிடம் இல்லாத கட்டளையைக் கண்டு சிப் நின்றுபோய், திரை கறுப்பாகவே இருந்துவிட்டது. நல்லவேளை, நர்ஸுகள் பழைய மானிட்டர்களை இன்னும் கழற்றவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மீட்டிங்கில் மேனேஜர் என்னிடம், "வாணி, முந்தைய இன்ஜினியர் பண்ணின தப்புன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி போட்டுடுங்க. பிலோமினா மேடம் இப்ப இல்லல்ல, யாருக்கும் பிரச்சினை வராது" என்றார்.

நான் லாப்டாப்பை மூடினேன்.

"போட மாட்டேன் சார். அன்னைக்கு இருந்த சிப்புக்கு அது சரி. சிப்பை மாத்தினதை நம்மகிட்ட சொல்லாததுதான் தப்பு. பேர் போட்டே ஆகணும்னா, அன்னைக்குச் சரின்னு சொன்ன எல்லார் பேரையும் போடுங்க. முதல்ல என் பேர்."

அப்புறம் அந்த ஹாசன்காரர், "அவங்க சொல்றது நியாயம் சார்" என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். உன்னைப் பார்த்தே இராதவர், பிலோ.

சண்டை போட்டால் மட்டும் திரை ஒளிருமா? வேலையில் இறங்கினேன். இயங்கத் தொடங்கும்போது சிப்பை ஒரே ஒரு தடவை கேட்பது. 'உண்டு' என்றால் நீ எழுதிய வேக வழி, 'இல்லை' என்றால் சாதாரண வழி. அதற்குப் பிறகு கேள்வியே கிடையாது. இப்படிச் செய்தால் கோடும் திக்காது.

முதல் முயற்சி தோற்றது. திரை அப்போதும் கறுப்பு. ஏன் தெரியுமா? கேள்வி கேட்கிற பகுதியையே வேகக் கட்டளைகளோடு கம்பைல் பண்ணியிருந்தோம். கேட்க வாய் திறக்கும்போதே செத்துப்போனது. நீயாக இருந்தால் சிரித்திருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது. அந்தப் பகுதியை மட்டும் தனியே பிரித்து, எந்தச் சிப்பும் புரிந்துகொள்கிற கட்டளைகளில் கம்பைல் பண்ணினேன். பழைய சிப், புது சிப் இரண்டிலும் கோடு ஓடியது. ஹாசன்காரர் போய்க் காபி வாங்கி வந்தார்.

ரிப்போர்ட் போய்விட்டது. அதில் யார் பெயரும் இல்லை. 'சிப் மாறியது டீமுக்குத் தெரிவிக்கப்படவில்லை' என்றுதான் இருக்கிறது. மேனேஜர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவனஹள்ளியில் உன் வீட்டுக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். இதை எதையும் சொல்லவில்லை. "பிலோ எழுதினது இன்னும் ஓடுதாம்மா?" என்று கேட்டார்கள். "ஓடுதும்மா" என்றேன். நிஜத்தைத்தானே சொன்னேன்?

அடுத்து இன்னொரு சிப் வரப்போகிறதாம். வரட்டும். எந்தச் சிப்பானாலும் முதலில் நம் மேசையில் ஓடிக் காட்டிய பிறகுதான் நோயாளி பக்கத்தில் போகும். எதிர்த்துப் பேச ஆள் இல்லை என்பதற்காக யார் தலையிலும் பழியைக் கட்ட, நான் அந்த மீட்டிங் அறையில் இருக்கும்வரை விட மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னோடு பிறக்காத அக்கா,
வாணி