சந்தத்துக்கு விழுந்த குத்து

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? என் முந்தைய கடிதங்கள் கிடைத்தனவா? நான் நலம். நெற்றியில் சின்னத் தையல், அவ்வளவுதான்.

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் ஆங்கிலப் போர்க்கவிதை ஒன்றை நடத்தினேன். கான்வென்ட் சிஸ்டர்கள் நமக்குச் சொல்லித்தந்தபடி, அழுத்தம் விழும் அசைதோறும் மேசையில் குத்தச் சொன்னேன். மாணவரான கசாப்புக்காரர், வரிக்கடைசியில் இயைபு வந்த இடமெல்லாம் இரட்டைக் குத்து விட்டார்.

"யோவ், இது கவிதை. கறிக்கட்டை இல்ல," என்றார் லாரி ஓட்டுநர்.

மறுகணம் அவர் மூக்கு உடைந்தது. பதிலுக்கு அவர் வீசிய நாற்காலி என் மூக்குக்கண்ணாடியை நொறுக்கியது.

"அடிக்கிறதுலகூட சந்தம் தப்புது. உக்காருங்க!" என்றேன், ரத்தம் வழிய. உட்கார்ந்தார்கள். திறக்காத கதவை மறுபடி தட்டுவதுபோலத்தான் கவிதையில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லிப் பாடத்தை முடித்தேன்.

அலமாரியில் இருக்கும் அத்தானுடைய பழைய கண்ணாடியை அனுப்புங்கள். எனக்கும் அவருக்கும் ஒரே பவர்தான். வகுப்புக்கு நேரமாகிறது.

பதில் போடுங்கள், அக்கா. பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை